அது நரம்பு அல்ல, குழாய்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு பற்றிய கட்டுரை படித்தேன். நல்ல முயற்சி. ஆனால் ‘விந்து நரம்பை வெட்டி முடிச்சிடுவார்கள்’ என்று போட்டிருக்கிறீர்களே, அந்த நரம்புதான் எங்கள் பக்கத்தில் ஆளைப் பயமுறுத்துகிறது. வியாசர்பாடி, தண்டையார்பேட்டைச் சுவர்களில் ‘நரம்புத் தளர்ச்சியா?’ என்ற லாட்ஜ் வைத்தியர் போஸ்டரைப் பார்த்தே வளர்ந்தவரிடம் நரம்பை வெட்டுகிறோம் என்றால் எப்படி வருவார்? ‘எனக்கு மூட்டை தூக்கற வேலை, அவளே பண்ணிக்கட்டும்’ என்று என் தெருக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார்.

முப்பது வருஷம் திசுப் பரிசோதனைக் கூடத்தில் ஸ்லைடு போட்டவன் நான். நீங்கள் நரம்பு என்று எழுதிய அந்த விந்துக்குழாயின் குறுக்குவெட்டைப் பார்த்தால் எல்லாம் தசைதான். உள்ளே நீளவாட்டில் ஓர் அடுக்கு, நடுவில் வளையமாக ஓர் அடுக்கு, வெளியே மறுபடி நீளவாட்டில். மொத்தத் தடிமன் 2, 3 மில்லிமீட்டர். நடுத்துவாரம் அரை மில்லிமீட்டர் தேறினால் அதிகம். விரலுக்குள் கெட்டி நூல் போல உருளுவதால் நரம்பு என்று பெயர் வந்திருக்கும் போல.

இதற்கு முந்தைய எபிடிடைமிஸ், அதாவது விந்தகத்தை ஒட்டியிருக்கும் சுருள்குழாய், இன்னும் வேடிக்கை. சுமார் 6 மீட்டர் நீள ஒற்றைக் குழாய், சில சென்டிமீட்டருக்குள் சுருண்டு கிடக்கும். இடியாப்பத்தைக் குறுக்கே வெட்டியது போல ஸ்லைடில் வட்டம் வட்டமாகத் தெரியும். புது மாணவர்கள் நூறு குழாய் என்பார்கள், எல்லாம் ஒன்றே. அதன் உட்சுவரில் உள்ள மயிரிழைகள் ‘அசைந்து விந்தணுவைத் தள்ளுகின்றன’ என்று கட்டுரை சொல்வதும் பிழை. அந்த ஸ்டீரியோசிலியா அசையாது, நீரை உறிஞ்சத்தான் உதவும். அசையும் இழைகள் விந்தகத்திலிருந்து வெளிவரும் சிறு நாளங்களில் இருக்கின்றன. எபிடிடைமிஸில் தள்ளுவது சுவர்த்தசை.

சரி, குழாயை வெட்டினால் ஆண்மை போகுமா? ஆண் ஹார்மோன் இந்தக் குழாய் வழியாகப் போவதே இல்லை. விந்தகத்தில் சுரந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. விந்துநீரில் பெரும்பங்கு வெட்டும் இடத்துக்கு அப்பால் உள்ள விந்துப்பையும் புராஸ்டேட்டும் தருவது. விந்தணு மட்டும்தான் வராது. அதுவும் உடனே அல்ல: ஏற்கெனவே தாண்டிப்போனவை தீர சுமார் 3 மாதம் ஆகும். அதுவரை வேறு தடுப்பு வேண்டும், அப்புறம் விந்துப் பரிசோதனையும் வேண்டும். கட்டுரையில் இது விடுபட்டுவிட்டது.

திருத்தம் போடுவதாக இருந்தால் கொட்டை எழுத்தில் ‘குழாய்’ என்றே போடுங்கள். எங்கள் தெரு டீக்கடையில் உங்கள் இதழ்தான் கைமாறுகிறது. மூட்டை தூக்குபவரும் அங்கேதான் டீ குடிக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்,
தண்டையார்பேட்டை, சென்னை