ஒரே சைஸ்ல ரெண்டு க்ளவுன் மீன் குடுத்தா அது ஜோடி இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வீட்ல மீன் வளக்கறத பத்தி வந்த பக்கத்த படிச்சேன். உப்புத்தண்ணி டேங்க் பத்தி தமிழ்ல யாராவது எழுதுறதே அபூர்வம், அதனால ஆசையா படிச்சிட்டு வந்தேன், ஆனா க்ளவுன் மீன, அதான் வெள்ளைக் கோடு போட்ட அந்த கடல் வண்ண மீன, ஜோடியா வாங்கி விடுங்க அழகா இருக்கும்னு ஒரே வரில முடிச்சிருந்த இடத்துல மனசு கஷ்டமாயிடுச்சு. அந்த மாதிரி ஒரு வார்த்தைய நம்பித்தான் மூணு வருஷம் முன்னாடி என் டேங்க்ல ஒரு மீன் செத்துச்சு.

என்னுது 4 அடி டேங்க், கிட்டத்தட்ட 250 லிட்டர். மெரூன் க்ளவுன்னு ஒரு வகை, நல்ல அடர் சிவப்புல மூணு வெள்ளைக் கோடு, பாத்தா கண்ண எடுக்க முடியாது. கடையில ரெண்டு மீன காட்டி ஒண்ணு ஆண் ஒண்ணு பெண், ஜோடி சார்னு சொன்னாங்க. ரெண்டும் ஒரே அளவு, ரெண்டரை இன்ச் இருக்கும். தனித்தனி கவர்ல போட்டு குடுத்தாங்க, ஜோடின்னா எதுக்கு தனித்தனி கவருன்னு அப்பவே கேட்டிருக்கணும், கேக்கல. விட்ட அன்னைக்கே வாயோட வாய் கவ்விக்கிட்டு ஒரே சண்டை. மறுநாள் ஒண்ணுக்கு வால் கிழிஞ்சு போய் தண்ணி மட்டத்துல ஒரு மூலைல ஒதுங்கி நிக்குது, சாப்பாடு போட்டா கூட வரல. கடைக்கு போன் பண்ணினா ரெண்டு நாள்ல பழகிடும், விடுங்கன்னாங்க. நாலாவது நாள் காலைல பாத்தா கல்லு இடுக்குல கிடக்கு.

அதுக்கப்புறம்தான் தேடித் தேடி படிச்சேன். க்ளவுன் மீன்ல பொறக்கும்போதே பெண்ணுன்னு ஒண்ணு கிடையாது. எல்லாமே முதல்ல ஆணாகத்தான் வளரும், கூட்டத்துல எது பெருசோ எது அடக்கி ஆளுதோ அது பெண்ணா மாறும், அடுத்த பெருசு அதுக்கு ஆண் துணை, மிச்சதெல்லாம் குட்டியாவே வரிசைல காத்துட்டு இருக்கும். ஹான்ஸ் ஃப்ரிக்கே, சிமோன் ஃப்ரிக்கேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1977லயே இத எழுதிட்டாங்க. பெண் செத்துட்டா அந்த ஆண் பெண்ணா மாறிடும். ஆனா பெண்ணா ஆனது திரும்ப ஆணா மாறவே மாறாது. அப்போ வளந்த ரெண்டு மீன ஒரே அளவுல கொண்டு வந்து போட்டா என்ன ஆகும், ரெண்டும் நான்தான் பெருசுன்னு நிக்கும், இல்ல ரெண்டுமே ஏற்கனவே பெண்ணா ஆயிருக்கும், விட்டுக்குடுக்க அதுங்களால முடியவே முடியாது.

2003ல பீட்டர் பஸ்டன்னு ஒரு ஆராய்ச்சியாளர் பாப்புவா நியூ கினி கடல்ல பாத்து எழுதினது என்ன ரொம்ப யோசிக்க வெச்சது. அந்த வரிசைல கீழ இருக்கிற மீன் தன் வளர்ச்சிய தானே அடக்கி வெச்சுக்கும், மேல இருக்கிறத விட சின்னதாவே இருக்கப் பாக்கும், ஏன்னா அளவு கிட்ட நெருங்கினா சண்டை வந்து துரத்திடும். கடல்லயாவது துரத்தினா ஓடுறதுக்கு இடம் இருக்கு. நம்ம டேங்க்ல எங்க ஓடும், நாலு பக்கமும் கண்ணாடிதானே.

ரெண்டு ஆண் ஃபைட்டர் மீன ஒரே தொட்டில விடக்கூடாதுன்னு ஸ்கூல் பசங்களுக்கு கூட தெரியும், நடுவுல அட்டை வெச்சு மறைப்பாங்க. மெரூன் விஷயம் மட்டும் காசு குடுத்து வாங்கறவங்களுக்கு கூட தெரியல.

ஆறு மாசம் கழிச்சு மறுபடி முயற்சி பண்ணினேன், வேற மாதிரி. உயிரோட இருந்தது அதுக்குள்ள 4 இன்ச் ஆயிடுச்சு. இந்த தடவ ஒரு இன்ச் குட்டியா ஒண்ணு வாங்கினேன். ஓட்டை போட்ட ப்ளாஸ்டிக் பாக்ஸ டேங்க் உள்ளயே மாட்டி குட்டிய அதுல விட்டேன், பெருசு மூணு நாள் அந்த பாக்ஸ முட்டிக்கிட்டே இருந்தது. ராத்திரி காது வெச்சு கேட்டா டக் டக்குன்னு சத்தம், பல்ல அடிச்சு மிரட்டுற சத்தமாம் அது. பத்து நாள் பொறுத்தேன், முட்டுறது நின்னுச்சு. அப்புறம் கல்லையெல்லாம் இடம் மாத்தி அடுக்கினேன், பழைய எடம் என்னுதுன்ற நெனப்பு பெருசுக்கு கொறையணும்னு. சாயங்காலம் லைட்ட அணைக்கறதுக்கு முன்னாடி குட்டிய திறந்து விட்டேன். பெருசு பாய்ஞ்சு வந்துச்சு, குட்டி ஓடல, ஒரு பக்கமா சாஞ்சு உடம்ப வெடவெடன்னு உதறிச்சு. அதுதான் நீதான் பெருசுன்னு ஒத்துக்கறது. பெருசு ஒரு தட்டு தட்டிட்டு போயிடுச்சு. எனக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

முதல் கொஞ்ச நாள் துரத்தும், லேசா கடிக்கும், அதுக்கு பயந்து பிரிக்க வேணாம். குட்டி உதறுதா, சாப்பிடுதா, ரெண்டையும் பாருங்க. துடுப்பு கிழிஞ்சு மூலைல நின்னு சாப்பிடாம இருந்தா ஒரு மணி நேரம் கூட யோசிக்காதீங்க, பிரிச்சிடுங்க. ரெண்டு வருஷம் சேந்து இருந்த ஜோடி கூட திடீர்னு பிரியறது உண்டு, அதனால அந்த பாக்ஸ நான் இன்னும் தூக்கிப் போடல. இன்னொண்ணு, மெரூனுக்கு கன்னத்துல முள் இருக்கு, வலையில புடிச்சா மாட்டிக்கிட்டு காயம் ஆயிடும், மக்குல மொண்டு எடுங்க.

எல்லா க்ளவுனும் இப்படி இல்ல. ஆரஞ்சு நிற ஆசெல்லாரிஸ் சாது, ரெண்டு குட்டியா வாங்கி விட்டா அதுங்களே பாத்துக்கும் பெரும்பாலும். தக்காளி க்ளவுன், க்ளார்கி, மெரூன் இதுங்கதான் முரட்டுது, அதுலயும் மெரூன் ரொம்ப. ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊர்ல இருக்கிற சிஎம்எஃப்ஆர்ஐயும் (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) பரங்கிப்பேட்டைல அண்ணாமலைப் பல்கலைக்கழக கடல் உயிரியல் மையமும் க்ளவுன் மீன தொட்டியிலயே முட்டை வெச்சு குஞ்சு பொரிக்க வெச்சிருக்காங்க. அந்த மாதிரி தொட்டில பொறந்த குட்டிங்களா கேட்டு வாங்கினா கடல்ல இருந்து புடிக்கவும் வேணாம், சின்ன சைஸும் கிடைக்கும்.

நான் கேக்கறது ரெண்டே விஷயம்தான். அடுத்த ஞாயித்துக்கிழமை அதே பக்கத்துல, மெரூன் மாதிரி முரட்டு வகைன்னா ஒண்ணு பெருசு ஒண்ணு அதுல பாதி கூட இல்லாத குட்டி, அப்படித்தான் வாங்கணும்னு ஒரு பெட்டிச் செய்தியா போடுங்க. விக்கிற கடைக்காரங்களும் தயவுசெஞ்சு ஒரே சைஸ் ரெண்ட ஜோடின்னு சொல்லி குடுக்காதீங்க.

என் ஜோடி போன மாசம் பூந்தொட்டி ஓட்டுல முட்டை வெச்சிருக்கு. அந்த ஒரு இன்ச் குட்டிதான் இப்போ அப்பா, நாள் பூரா வால ஆட்டி முட்டைக்கு தண்ணி விசிறிக்கிட்டே இருக்கு, பெருசு பக்கத்துல நின்னு என் கைய கூட கிட்ட விட மாட்டேங்குது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், பெரம்பூர், சென்னை