மல்லிகாவுக்கு: ஆறாத புண்ணும் நகராத செல்லும்

பெங்களூரு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்துவிட்டது என்று படித்ததும் அப்படி ஒரு சந்தோஷம். பிடிவாதமாக நின்று சாதித்துவிட்டாள். அவளுக்கு என் ஆசிகளைச் சொல்.

அம்மாவின் கால்தான் மனதை உறுத்துகிறது. சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகும் பாதத்துப் புண்ணின் விளிம்பு அப்படியே நிற்கிறது என்று எழுதியிருந்தாய். “ஓரத்துத் தோல் உயிரோடுதானே இருக்கிறது, அது ஏன் நடுவே வந்து மூட மாட்டேன் என்கிறது?” என்று கேட்டிருந்தாய். வைத்தியம் டாக்டர் சொல்லட்டும். ஆனால் நீ கேட்டதுதான் இத்தனை வருடமாக என் வேலை. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நீயும் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவள், பொறுத்துக்கொள்வாய்.

தோலின் அடியடுக்கில் இருக்கும் செல்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, அடித்தளச் சவ்வோடு இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கின்றன. பூட்டாக இருப்பது இன்டெக்ரின் என்ற புரதம். செல்லின் உறையைத் துளைத்துக்கொண்டு நிற்கும் அது வெளியே நார்ப் புரதங்களையும் உள்ளே செல்லின் எலும்புக்கூட்டையும் பிடித்திருக்கிறது. 1986-இல் ரிச்சர்ட் ஹைன்ஸ் குழு வைத்த பெயர் அது. நம் உடலில் 24 வகை உண்டு. தோலின் அடியடுக்கில் ஆல்ஃபா 6 பீட்டா 4 என்ற வகை, லாமினின் என்ற புரதத்தை விடாமல் பிடித்திருக்கும்.

காயம் பட்டதும் விளிம்புச் செல் செய்ய வேண்டிய முதல் வேலை அந்தப் பூட்டைத் திறப்பது. உள்ளே இருக்கும் கைனேஸ் நொதிகள் பீட்டா 4-இன் வாலில் பாஸ்பேட் ஏற்றுகின்றன, பிடி தளர்கிறது. அதன் பிறகுதான் ஆல்ஃபா 5 பீட்டா 1 போன்ற வேறு இன்டெக்ரின்கள் மேலே வந்து, உறைந்த ரத்தத்தில் இருக்கும் ஃபைப்ரோனெக்டின் என்ற ஒட்டுப் புரதத்தைப் பிடிக்கின்றன. ஆறுவது என்றால் ஒட்டுவது என்றே எல்லோரும் நினைக்கிறோம். அது தொடங்குவதோ விடுவதில்.

இதை எனக்கு உறுதியாகப் புரியவைத்தது 1995-இல் ஜப்பானிலிருந்து வந்த ஓர் ஆய்வு. அதற்கு மூன்று வருடம் முன்பு, 1992-இல், செல் தரையைத் தொடும் ஒட்டுப்புள்ளிகளில் குவிந்திருக்கும் ஒரு கைனேஸைக் கண்டுபிடித்திருந்தார்கள். லேபில் நாங்கள் ‘ஃபாக்’ என்று சொல்வது அதைத்தான். ஒட்டுப்புள்ளியில் இருக்கும் நொதியாயிற்றே, அதை எடுத்துவிட்டால் ஒட்டுப்புள்ளிகள் குறைய வேண்டும், இல்லையா? ஈலிச்சும் உடன் பணியாற்றியவர்களும் அந்த மரபணுவை எலியில் நீக்கிப் பார்த்தார்கள். கரு எட்டரை நாள் வாக்கிலேயே இறந்துவிட்டது. அதிலிருந்து எடுத்து வளர்த்த செல்களில் ஒட்டுப்புள்ளிகள் குறையவில்லை, கூடியிருந்தன! செல்களோ மந்தமாக நகர்ந்தன. நன்றாகப் பிடித்திருந்தன, அதனாலேயே போக முடியவில்லை. மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் தானாகவே உயர்ந்துவிடுகிறது.

உங்கள் பக்கத்துப் பனையேறிகளைப் பார்த்திருக்கிறாயே. தளைநார் இறுகினால்தான் உடம்பு எம்பும், அதைத் தளர்த்தினால்தான் கால் அடுத்த இடத்துக்குப் போகும். தளர்த்தத் தெரியாதவர் எவ்வளவு பலசாலியானாலும் மரத்தில் பாதியிலேயே நிற்பார். ஃபாக் இல்லாத செல் அந்த நிலையில்தான் இருந்தது.

ஃபாக் எப்படித் தளர்த்துகிறது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இன்டெக்ரின் தரையைப் பிடித்ததும் ஃபாக் தன்மீதே, 397-ஆம் இடத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தில், ஒரு பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கிறது. அந்த இடத்தில் சார்க் என்ற இன்னொரு கைனேஸ் வந்து அமர்கிறது. இரண்டும் சேர்ந்து பாக்சிலின் போன்ற பக்கத்துப் புரதங்களுக்குப் பாஸ்பேட் ஏற்றுகின்றன. சமிக்ஞை அங்கிருந்து ஈஆர்கே என்ற கைனேஸ் வழியாக மயோசினை முடுக்கும் நொதி வரை போகிறது. முன்பக்கத்தில் புதிய பிடிகள் உண்டாகி, வேண்டாதவை உடனுக்குடன் கலைகின்றன. ஹார்விட்ஸ் குழு 2004-இல் ஒட்டுப்புள்ளிகளை ஒளிரும் புரதத்தால் அடையாளமிட்டு, அவை கலையும் வேகத்தையே அளந்து காட்டியது. ஃபாக்கோ சார்க்கோ இல்லாத செல்களில் அந்த வேகம் பெரிதும் குறைந்திருந்தது. பிடிக்கச் சொல்லும் அதே தொடுகைதான் விடச் சொல்லும் சமிக்ஞையையும் கிளப்புகிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

சார்க்கின் கதை உன் வகுப்புக்கு உதவும். 1911-இல் பெய்டன் ரூஸ், கோழியின் கட்டியை அரைத்து, செல்லே இல்லாதபடி வடிகட்டிய சாற்றாலேயே இன்னொரு கோழிக்குப் புற்று வரும் என்று காட்டினார். நோபல் பரிசு வந்ததோ 1966-இல்! அந்த வைரஸ் சுமந்திருந்த மரபணுதான் சார்க். கைனேஸ்கள் டைரோசினிலும் பாஸ்பேட் ஏற்றும் என்பதை டோனி ஹன்டர் 1979-இல் கண்டார். அமினோ அமிலங்களைப் பிரிக்க அவர் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய பஃபர் கரைசலின் பிஹெச் 1.9-லிருந்து 1.7-க்கு இறங்கியிருந்தது. புதிய பஃபரில் ஒன்றாகவே ஓடியிருக்கும் இரண்டு புள்ளிகள், பாஸ்பேட் ஏறிய த்ரியோனினும் டைரோசினும், அதனால் தனித்தனியாகப் பிரிந்தன. சார்க்கும் அப்படி டைரோசினில் ஏற்றுகிற கைனேஸ்தான் என்பது அடுத்துத் தெரிந்தது.

1997-இல் பாலசெக், லாஃபன்பர்கர், ஹார்விட்ஸ் உள்ளிட்ட குழுவினர் பிடியின் பலத்துக்கும் நகரும் வேகத்துக்கும் உள்ள உறவை வரைபடமாகவே காட்டினார்கள். தரையில் ஃபைப்ரோனெக்டின் குறைவென்றால் செல்லுக்கு இழுத்து நகரப் பிடி கிடைப்பதில்லை. மிகுதியென்றால் பின்பக்கம் விடுபடுவதில்லை. நடுத்தர ஒட்டுதலில்தான் வேகம் உச்சம். செல்லின் மேல் இன்டெக்ரின்கள் கூடினால், அந்த உச்சம் குறைந்த ஃபைப்ரோனெக்டின் அளவிலேயே வந்துவிடும். மீன் செதிலிலிருந்து ஊர்ந்து வரும் தோல் செல்லின் பிடி லேசானது, நிமிடத்துக்கு 10 மைக்ரானுக்கு மேல் போகும். இறுகப் பிடிக்கும் நம் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல் ஒரு மணி நேரத்தில் சில பத்து மைக்ரான் நகர்ந்தாலே அதிகம்.

இனி அம்மாவின் புண். நாள்பட்ட புண்ணில் வெள்ளையணுக்கள் வந்து தங்கிவிடுகின்றன. அவை விடும் எலாஸ்டேஸ் போன்ற நொதிகள் ஃபைப்ரோனெக்டினையே துண்டாடிவிடுகின்றன. விளிம்புச் செல் பூட்டைத் திறந்தாலும் கால் வைக்கத் தரை இல்லை. அழுகிய திசுவை டாக்டர் சுரண்டி எடுப்பது இதற்கும்தான். பார்க்கக் கொடுமையாக இருக்கும், ஆனாலும் தடுக்காதே. அதைவிட முக்கியம் பாதத்தில் எடை விழாமல் காப்பது. சர்க்கரையால் உணர்வு மரத்த காலில் ஒவ்வொரு அடியும் புதிதாக வளரும் திசுவை நசுக்கும், நோயாளிக்கோ வலி தெரியாது. எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு ஆறிய புண் திரும்ப வராமல் இருக்க உதவும். ஆறாத புண்ணுக்கு அது மட்டும் போதாது. முழங்கால் வரை போடும் தனி வகை மாவுக்கட்டு ஒன்று இருக்கிறது, எடையைப் பாதம் முழுவதும் பரப்பிவிடும். ரத்த ஓட்டம் நன்றாக இருந்து, கிருமித் தொற்று இல்லை என்றால்தான் போடுவார்கள். முதலில் ரத்த ஓட்டத்தைப் பார்த்தார்களா என்று கேள்.

ஃபாக்கைத் தடுக்கும் மாத்திரை பற்றிப் பேப்பரில் படித்ததாகவும் எழுதியிருந்தாய். டெஃபாக்டினிப் என்று பெயர். 2025 மே மாதம் அமெரிக்காவில் ஒருவகைச் சினைப்பைப் புற்றுக்கு, இன்னொரு மருந்தோடு சேர்த்து, அனுமதி கிடைத்தது. கட்டி சுருங்கியதை வைத்துக் கொடுத்த துரித அனுமதி அது. பரவலைத் தடுத்ததற்கான சான்றாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. இன்டெக்ரினையே மறித்த சிலெங்கிடைட் என்ற மருந்து மூளைப் புற்றில் பெரிய சோதனை வரை போய்த் தோற்றது. பிடியை மட்டும் குறிவைத்துச் செல்லை நிறுத்திவிடலாம் என்று நான் நம்பவில்லை. பிடியைத் தளர்த்தினால் சில செல்கள் இன்னும் வேகமாகப் போகும் என்பதை அந்த 1997 வரைபடமே சொல்கிறது.

இங்கே எல்லோரும் நலம். பெரியவன் வேலை மாறிப் புனே போய்விட்டான், வீடு வெறிச்சென்றிருக்கிறது. தீபாவளிக்கு ஊருக்கு வருகிறேன், முதலில் உன் வீடுதான்.

அம்மாவைத் தரையில் கால் ஊன்ற விடாதே, குளியலறைக்குப் போகும்போதுகூட. அடுத்த டிரஸ்ஸிங்கில் விளிம்பு எப்படி இருக்கிறது, ரத்த ஓட்டம் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
கலா