வரிசை மாறி எழுதும் பிள்ளைகள்: மூன்றாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது 4582 என்பதை 4852 ஆக்கிவிடுகிறாள், எழுத்துகளை முன்பின்னாக மாற்றிவிடுகிறான், கவனமே இல்லை என்று பருவத் தேர்வு முடிந்ததிலிருந்து உங்களில் பலர் வந்து சொன்னீர்கள். சிலர் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே சொன்னீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

கண்ட வடிவங்களைக் கண்ட வரிசையிலேயே சில நொடிகள் மனத்தில் நிறுத்துவது தனித் திறன். எவற்றைப் பார்த்தோம் என்பது நினைவிருக்கும். எது முன், எது பின் என்பது நழுவிவிடும். முதலும் கடைசியும் பெரும்பாலும் தப்பிக்கும், நடுவில் அடுத்தடுத்து நிற்பவைதான் இடம் மாறும். 4852 என்று எழுதிய பிள்ளை நான்கு இலக்கங்களையும் ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறது.

இதை அளக்கக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பிலிப் கோர்சி என்பவர் 1972-இல் ஓர் எளிய முறையைத் தந்தார். பலகையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக 9 கட்டைகள். சோதிப்பவர் சிலவற்றை ஒவ்வொன்றாகத் தொடுவார். எதிரில் இருப்பவர் அதே வரிசையில் தொட வேண்டும். எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். பெரியவர்களே பொதுவாக ஐந்து ஆறோடு நின்றுவிடுகிறார்கள். எட்டு வயதில் அதைவிடக் குறைவு. வளர வளரக் கூடும். ஆசிரியர் அறையில் பாட்டில் மூடிகளை வைத்து நாங்களும் செய்து பார்த்தோம். யாருக்கு எத்தனை என்று இங்கே எழுதப் போவதில்லை.

மீன், குடை, மணி என்று பெயருள்ள படங்களானால் பெரிய பிள்ளைகள் வாய்க்குள் சொல்லிச் சமாளித்துக்கொள்வார்கள். சுமார் ஏழு வயதுக்குக் கீழே அந்தப் பழக்கம் அவ்வளவாக வருவதில்லை. தமிழில் கூடுதலாக ஒரு சிக்கல்: ‘கொ’ என்னும்போது ககரத்துக்குப் பின் ஒலிக்கும் ஒகரத்தின் பாதி, எழுத்தில் முன்னால் வந்து நிற்கிறது. கொம்பை விட்டுவிட்டு, அப்புறம் நுழைக்க இடமில்லாமல் தவிக்கும் பிள்ளையைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை.

வீட்டில் மூன்று நான்கு எழுத்துகளாகப் பிரித்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் சொல்லுங்கள். புத்தகம் நோட்டின் பக்கத்திலேயே இருக்கட்டும். பலகையிலிருந்து எழுதும்போது மட்டும் தவறு வந்தால் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். வகுப்பில் சின்னச் சின்ன வரிகளாக எழுதிப்போடச் சொல்லியிருக்கிறேன்.

நினைவாற்றல் பயிற்சி என்று வாசலில் துண்டறிக்கை கொடுக்கிறார்களே, அதற்குப் பணம் கட்டாதீர்கள். இத்தகைய விளையாட்டைப் பழகினால் அந்த விளையாட்டில் தேர்ச்சி வரும். கணக்குக்கோ வாசிப்புக்கோ அது பெரிதாக உதவுவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் அயுமு என்ற சிம்பன்சி, திரையில் கண நேரம் தோன்றி மறைந்த எண்களின் இடங்களை வரிசை தவறாமல் தொட்டுக் கல்லூரி மாணவர்களை மிஞ்சியது. 2007-இல் அது செய்தியானது. பின்னர், நன்றாகப் பழகிய மனிதர்களும் அந்த அளவை எட்டிவிட்டார்கள். அயுமு எந்தத் தேர்வும் எழுதவில்லை.

நேரில் பேச விரும்புவோர் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குப் பிறகு வரலாம். வகுப்பாசிரியரும் உடனிருப்பார். பிள்ளையின் நோட்டுகளை எடுத்துவாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்