மாம்பூ பூக்கும் மாதத்தில் தூசை அளந்த பிறகே புதிய குவாரி குறித்து முடிவெடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மாந்தோப்பு விவசாயி மற்றும் பக்கத்துத் தோப்புக்காரர்கள்,
ஜெகதேவி சுற்றுவட்டாரம், பர்கூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

இது எங்களுடைய மூன்றாவது மனு. முதல் இரண்டுக்கும் ரசீது இருக்கிறது, பதில் இல்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். அங்கே போய்க் கேட்டால் வரவில்லை என்றார்கள். ஜெகதேவி ரோட்டில் தாங்கள் பலமுறை போயிருப்பீர்கள், ஜல்லி லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டும் இருப்பீர்கள். அதனால் இடத்தை விளக்கவில்லை.

1. என் மாமனார் வைத்த மாந்தோப்பு இரண்டு ஏக்கர். பெரும்பாலும் பெங்களூரா, வேலியோரம் நாலு செந்தூரா. சுற்றிலும் ஏற்கெனவே நான்கு கல்குவாரியும், கல்லை ஜல்லியாக உடைக்கும் இரண்டு கிரஷரும் ஓடுகின்றன. இப்போது ஐந்தாவது குவாரிக்கு விண்ணப்பம் வந்து, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாராகி, கருத்துக்கேட்புக் கூட்டமும் முடிந்துவிட்டது.

2. அந்த அறிக்கையில் காற்றிலுள்ள தூசை மார்ச் முதல் மே வரை அளந்திருக்கிறார்கள். மழைக்காலம் அல்லாத ஒரு பருவம் அளந்தால் போதும் என்பது நடைமுறை, அதனால் காகிதத்தில் தப்பு இல்லை. ஆனால் ஐயா, எங்கள் தோப்பு பூப்பது தையிலும் மாசியிலும். மார்ச்சில் மிஷினைக் கொண்டுவந்து வைக்கும்போது உதிர வேண்டிய பூவெல்லாம் உதிர்ந்து முடிந்திருக்கும்.

தையில் ஒரு நாள் விடியற்காலை வந்து பாருங்கள். பூங்கொத்து பனியில் நனைந்திருக்கும். அதன்மேல் கல்மாவு படியும். வெயில் ஏறினதும் சுண்ணாம்பு பூசினதுபோல இறுகிவிடும். ஒரு கொத்தில் ஆயிரம் பூ இருந்தாலும் காயாக நிற்பது ஒன்றோ இரண்டோதான். அதுவும் ஈயும் சிறு தேனீயும் வந்து உட்கார்ந்தால்தான் நிற்கும். மாவு படிந்த கொத்தில் ஈ உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. தண்ணீர் அடித்துக் கழுவச் சொன்னார்கள். கழுவினோம். தூசோடு மகரந்தமும் போனது, ஈரம் நின்று பூ கருகியது. பூவைப் பார்த்துத்தான் வியாபாரி குத்தகை பேசுவார். பதினைந்து வருடமாக எங்கள் தோப்பைப் பிடித்தவர், போன தையில் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. வண்டியில் இருந்தபடியே பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த நஷ்டம் அறிக்கையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

3. 2012-ல் உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில், 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரியானாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்கு 2016-ல் வந்த திருத்தம், 500 மீட்டருக்குள் அடுத்தடுத்து இருக்கும் குவாரிகளை ஒரே தொகுப்பாக எடுக்கச் சொல்கிறது. சரி, குவாரிகளைச் சேர்த்தார்கள். கிரஷரை? அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு தனி, அது வேறு கோப்பு என்கிறார்கள். டிப்பர் ஓடும் மண்ரோடு எந்தக் கோப்பிலும் இல்லை. குவாரி, கிரஷர், ரோடு மூன்றின் தூசும் ஒரே பூவின்மேல்தான் விழுகிறது, ஐயா. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அளவுக்குள்தான் இருக்கும். கூட்டிப் பார்க்கத்தானே மதிப்பீடு?

4. கூட்டத்தில் நான் எழுந்து பூவைப் பற்றிப் பேசினேன். பதிவானதைக் கடைசியில் எல்லோருக்கும் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று அதே 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையில் இருக்கிறது. வாசிக்கவில்லை. பிறகு நகல் வாங்கிப் பார்த்தால், நான் பேசியது "தூசு வருவதாகத் தெரிவிக்கப்பட்டது" என்று ஒரே வரி. பூ என்ற சொல்லே இல்லை. தோப்பு என்ற சொல்லும் இல்லை. அரை மணி நேரம் காத்திருந்து, கால் நடுங்க எழுந்து பேசினேன் ஐயா!

5. வருடாவருடம் கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி நடக்கிறது. அங்கே வைக்கும் மாங்காய் இதுபோன்ற தோப்புகளில் விளைவதுதான்.

குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரி கூடாது என்று 1959-ஆம் ஆண்டுச் சிறுகனிம விதிகளில் இருக்கிறது. தோப்புக்கு எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதை ஆய்வு செய்துதானே சொல்ல வேண்டும்? இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற மாதத்தில் அளந்தால் அது எப்படி ஆய்வாகும்?

கல்லே உடைக்கக் கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் வீடுகளும் ஜல்லியில் கட்டியவைதான். தை, மாசி இரண்டு மாதமும் எங்கள் தோப்புக்குள்ளேயே மிஷின் வைத்து அளக்க வேண்டும். நான்கு குவாரி, இரண்டு கிரஷர், ரோடு எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குப் போட வேண்டும். மாந்தோப்புகளை வரைபடத்தில் குறித்து, குவாரி எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்பதை விண்ணப்பம் வாங்குவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். அதுவரை ஐந்தாவது குவாரிக்குக் குத்தகை உத்தரவு தர வேண்டாம். அந்த உத்தரவு தங்கள் கையெழுத்தில்தான் வரும் என்பதால் தங்களிடமே மறுபடியும் வருகிறோம்.

இப்போது கார்த்திகை. மார்கழிக் கடைசியில் பூ எடுக்க ஆரம்பித்துவிடும். இந்த மனுவும் இன்னொரு மேசைக்குப் போய் மாசி முடிந்துவிட்டால், மறுபடி ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். தயவுசெய்து அதற்குள் அளக்க உத்தரவிடுங்கள் ஐயா. பூ இருக்கும்போதே அளக்க உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாந்தோப்பு விவசாயி
(பக்கத்துத் தோப்புக்காரர்களின் கையெழுத்தும் கைநாட்டும் பின்பக்கத்தில்)

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் ரசீது நகல், போன தை மாதம் எடுத்த பூங்கொத்துப் படங்கள்.