ஏசியும் கரண்ட் பில்லும்: தண்டையார்பேட்டை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரமாக ஒரு வாட்ஸ்அப் செய்தி தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பி, "என்னண்ணே இது?" என்று கேட்டீர்கள். நம் கடையில் வாங்கிய ஏசியால் ஒரு வீட்டில் கரண்ட் பில் ஐந்து மடங்கு ஆகிவிட்டதாம். அதோடு நின்றிருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். "பழைய கம்ப்ரஸரைப் போட்டுப் புதுசு என்று தள்ளிவிட்டார்கள்" என்று ஒரு வரியும் அதில் இருக்கிறது. அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நம் கடையில் வாங்கியவர்களுக்குத் தெரியும். உங்கள் கண்ணெதிரே அட்டைப்பெட்டியைப் பிரித்து, இன்டோர் (அறைக்குள் மாட்டுவது), அவுட்டோர் (வெளியே வைப்பது) இரண்டின் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதி, உங்களிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் எங்கள் பையன்கள் சுவரில் துளையே போடுவார்கள். அந்த வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அந்த நம்பரைச் சொல்லிக் கம்பெனியிலேயே எந்த மாதம் தயாரானது என்று கேட்டுக்கொள்ளலாம். பில்லின் நகல் அவர்களிடமும் இருக்கிறது. என்னை அதிக விலைக்காரன் என்று சொல்லுங்கள், லேட்டாக வருகிறவன் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பழைய சரக்கைப் புதுசு என்று விற்கிறவன் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

செய்தி வந்த மறுநாளே, ஓடும் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு நானே அந்த வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, மேலே நேராக மொட்டை மாடி, மேற்குச் சுவர் முழுக்க வெயில். ரிமோட்டில் 18 டிகிரி. அறை குளிர்ந்ததும் இன்வர்ட்டர் ஏசி வேகத்தைக் குறைத்து இரண்டு ஆம்பியர் பக்கம் வந்து நிற்க வேண்டும். அங்கே ஒன்றரை மணி நேரம் ஆகியும் முள் நான்கை விட்டு இறங்கவில்லை. நான்கு ஆம்பியர் என்றால் மணிக்கு ஏறத்தாழ 0.9 யூனிட். இரவு எட்டு மணி நேரத்துக்கு ஏழு யூனிட்டுக்கு மேல். அறுபது நாளைக்கு 440 யூனிட்.

இனி பில்லைப் பார்ப்போம். டிசம்பர், ஜனவரியில் அந்த வீட்டில் 380 யூனிட் ஓடியிருக்கிறது. 2024 ஜூலையில் ஏறிய கட்டணப்படி அதற்கு 1,081 ரூபாய். ஏப்ரல், மே மாதத்தில் 820 யூனிட், அதற்கு 5,084 ரூபாய். யூனிட் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டியது, ரூபாய் ஐந்து மடங்கை நெருங்கிவிட்டது. இதில் கம்ப்ரஸர் செய்த தப்பு ஒன்றுமில்லை, எல்லாம் ஸ்லாப், அதாவது யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறுகிற படிக்கட்டுக் கணக்கு, செய்த வேலை. அந்த 2024 கட்டணத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய்தான். 500-ஐத் தாண்டியதும் அந்த 2.35 சலுகை போய்விடும்; 101-லிருந்தே 4.80 வரும். 600-க்கு மேல் 9.65, 800-க்கு மேல் 10.70.

அப்புறம், அந்த வீட்டு பாத்ரூம் கதவுக்கு மேலே வாட்டர் ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாலை நான்கு மணி, யாரும் குளிக்கவில்லை. "அது எப்பவும் போட்டேதான் இருக்கும்" என்றார் அந்த அம்மா. 25 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே ஆகும். நாளைக்கு இரண்டு முறை நிரம்பிச் சுட்டு, நடுவில் ஆறி ஆறித் திரும்பச் சுட்டால் இரண்டு யூனிட் என்று வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். டிசம்பர், ஜனவரியில் அந்த 120 யூனிட்டுக்கு 564 ரூபாய்தான். 820-ல் போய் உட்கார்ந்தபோது அதே 120 யூனிட்டுக்கு 1,179 ரூபாய். அவர்களுடைய பழைய பில் முழுவதையும் விட அதிகம்! கத்திரி வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீரே கை வைக்க முடியாமல் கொதிக்கிறது, அதை எதற்குச் சுட வைக்க வேண்டும்?

ஹீட்டரையும் ஏசியையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஹீட்டர் ஒரு யூனிட் கரண்ட் எடுத்தால் ஒரு யூனிட் சூடுதான் தரும், அதற்கு மேல் தரவே முடியாது. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை வாரி வெளியே போடுகிறது. ஒரு யூனிட் கரண்டில் மூன்று யூனிட்டுக்கு மேல் சூட்டை வெளியேற்றும். ஆனால் ஹீட்டர் தண்ணீர் சுட்டதும் நின்றுவிடும், ஏசி ராத்திரி முழுக்க ஓடும். பில் ஏறுவது அதனால்தான். ஸ்டார் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வருட யூனிட்டும் 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. நம் பக்கத்து வெயிலுக்கு அது போதாது. 24-ல் வைத்து ஃபேனையும் ஓடவிடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகமே சொல்கிறது.

காசிமேடு, எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் அவுட்டோர் காயிலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவியே ஆக வேண்டும். உப்புக் காற்றும் கன்டெய்னர் லாரிப் புழுதியும் சேர்ந்து தகட்டை அடைத்துவிட்டால் ஏசியால் சூட்டை வெளியே தள்ள முடியாது.

அந்த அறைக்கு ஒரு டன் (ஏசியின் குளிரூட்டும் திறன் அளவு) போதும் என்று சொன்னது எங்கள் கவுன்டரில்தான்; மொட்டை மாடி வெயிலுக்கு அது பத்தவில்லை. ஒன்றரை டன்னுக்கு மாற்றித் தருவது பற்றி அவர்களிடம் பேசியிருக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கடைக்குள் முழங்கால் தண்ணீர். அன்று கூப்பிடாமலே வந்து, இருபத்திரண்டு பெட்டிகளைத் தோளில் தூக்கி மாடியில் வைத்தவர்கள் நீங்கள். இந்த மூன்று வாரத்திலும் அந்தச் செய்தி வந்த வாட்ஸ்அப் குழுவிலேயே எங்களுக்காகப் பேசியவர்கள் இருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

பழைய மெக்கானிக் இருவர் வேலையை விட்டுப் போய்விட்டதால் இப்போதைக்கு சர்வீஸுக்கு நான்கு நாள் வரை ஆகலாம். செம்புக் குழாய், ஏசிக்குள் நிரப்பும் கேஸ் விலை ஏறியதால் அடுத்த மாதம் முதல் சர்வீஸ் கட்டணம் 550-லிருந்து 700 ரூபாய்.

பில் பற்றி யாருக்குச் சந்தேகம் இருந்தாலும் கடைசி இரண்டு ரீடிங்கையும் எடுத்துக்கொண்டு இரவு எட்டு மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள். நம் கடையில் வாங்காதவர்களும் வரலாம். உட்கார்ந்து ஒன்றாகக் கணக்குப் போடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் ஏசி கடைக்காரர்,
தண்டையார்பேட்டை