நன்கொடை என்று அச்சடித்துவிட்டால் லாட்டரி இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் காரைக்குடி வட்டாரத்தில் திருவிழா, ஆண்டு விழா, கட்டட நிதி என்று எது வந்தாலும் குலுக்கல் கூப்பன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். கடைசியாக வந்த கூப்பன் இப்போது என் மேஜை மேல் கிடக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் 'நன்கொடை ரூ.100', கீழே பைக் படம், கூப்பனிலும் அடிக்கட்டையிலும் சிவப்பு மையில் நம்பர். எத்தனை கூப்பன் அச்சடித்தார்கள், யார் முன்னிலையில் குலுக்குவார்கள், வசூலில் எவ்வளவு கோவிலுக்குப் போகும், எதுவும் அதில் இல்லை. கேட்டால், "நல்ல காரியத்துக்குத்தானே ஆச்சி, இதையெல்லாமா பார்ப்பீங்க?" என்கிறார்கள்.

பார்க்கத்தான் வேண்டும். காசு வாங்கிக்கொண்டு, அதிர்ஷ்டத்தை வைத்து, பரிசு கொடுத்தால் அது லாட்டரிதான், நன்கொடை என்று எழுதிவிட்டால் மாறிவிடாது. 1998-ல் வந்த மத்திய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டப்படி மாநில அரசுகள்தான் லாட்டரி நடத்தலாம், நம் மாநிலத்திலோ 2003 ஜனவரியில் அதையும் தடை செய்தாகிவிட்டது. அரசு அனுமதியில்லாமல் குலுக்கலுக்கு இடம் வைத்து நடத்தினால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 297-ம் பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறை கிடைக்கும், அதற்கு விளம்பரம் வெளியிட்டவருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம். கமிட்டியில் இருக்கும் பெரியவர்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் வரி. இதைத்தான் யாரும் பேசுவதில்லை. குலுக்கலில் விழுந்த பரிசுக்கு 30 சதவீத வருமான வரி உண்டு, செஸ்ஸோடு சேர்த்து 31.2. வேறு வருமானமே இல்லாதவர் என்றாலும் அடிப்படை விலக்கு கிடையாது, வாங்கிய டிக்கெட்டின் விலையைக்கூடக் கழிக்க முடியாது. பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் கொடுப்பவரே வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். பைக் மாதிரிப் பொருளாக இருந்தால், அதன் மதிப்புக்கான வரி கட்டியாகிவிட்டது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் சாவியைக் கொடுக்க வேண்டும். ஒரு லட்சம் ரூபாய் பைக் என்றால் வரி மட்டும் முப்பதாயிரம் சொச்சம். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு இப்படி வண்டி விழுந்தது. மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், சாவியைக் கையில் கொடுத்தார்கள், வரி என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. கூலி வேலை பார்க்கிற பையன், நாளைக்கு நோட்டீஸ் வந்தால் வண்டியை விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும்.

கேரளாவில் அரசே நடத்துகிறது, அங்கே எல்லாம் கணக்கில் வருகிறது. 2022 ஓணம் பம்பரில் 25 கோடி விழுந்தவருக்கு ஏஜென்ட் கமிஷனும் வரியும் போக முதலில் கைக்கு வரும் என்று சொன்னது 15.75 கோடிதான். பிரிட்டனில் சிறிய சங்கங்கள்கூடக் குலுக்கல் நடத்தலாம், ஆனால் உள்ளாட்சியில் பதிவு செய்ய வேண்டும், வசூலில் குறைந்தது 20 சதவீதம் அந்த நல்ல காரியத்துக்குப் போக வேண்டும், குலுக்கல் முடிந்ததும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அதே மாதிரி இங்கேயும் சங்கங்களுக்கு லைசென்ஸ் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி லாட்டரிக் கடைகள் இருந்த காலத்தைப் பார்த்தவள் நான், வாரக் கூலியை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். தடை வந்த பிறகும் மூன்று நம்பர் லாட்டரி திருட்டுத்தனமாக நடக்கத்தான் செய்கிறது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி குடும்பமே அதனால் உயிரிழந்தது. அந்தக் கதவைக் கோவில் பெயரைச் சொல்லித் திறக்க வேண்டாம்.

செட்டிநாட்டில் பொதுக் காரியத்துக்குப் பணம் திரட்டத் தெரியாதவர்களா நாம்? நகரத்தார் கோவிலுக்குப் புள்ளி வரி இருக்கிறது, கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, யார் கட்டினார், யார் பாக்கி என்று நோட்டைப் பிரித்தால் தெரிந்துவிடும். பிள்ளையார் நோன்பு ஏலத்தில் ஒரு கிண்ணம் உப்பை ஆயிரக்கணக்கில் கேட்டு எடுக்கிறார்கள், யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்பது கூட்டத்துக்கே தெரியும். இப்படி வெளிப்படையாக வாங்கிய பணத்தில் எத்தனை கோவில், எத்தனை பள்ளிக்கூடம் நின்றிருக்கிறது!

மாவட்ட நிர்வாகம் திருவிழாக்கள் தொடங்குவதற்கு முன்பே கமிட்டிகளைக் கூப்பிட்டு இந்தச் சட்டத்தையும் வரியையும் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அச்சகங்களுக்கும் அதே தாள் போக வேண்டும், ஏனென்றால் கூப்பன் பிறப்பதே அங்கேதான். உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: குலுக்கல் முடிவு, பரிசு வழங்கும் படம் என்று யாராவது அனுப்பினால் தயவுசெய்து போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர்.