கண்ணில் படாத கசிவுகள்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

வீடு மாற்றும் வேலை தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். புது வீட்டிலாவது சுற்றுச்சூழலுக்கு நம்மால் ஆனதைச் செய்ய வேண்டும், ஆனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், எதை முதலில் பிடிப்பது என்றும் கேட்டிருந்தாய். கேட்டது நல்லதாயிற்று. அக்கறை உள்ளவர்கள் பலர் கண்ணில் படுகிற சின்ன விஷயங்களிலேயே களைத்துப்போகிறார்கள். பெரிய சேதமோ யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

ஃபோன் சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றி வைக்கச் சொல்வார்கள். கழற்றி வை, தப்பில்லை. ஆனால் இப்போது வரும் சார்ஜர்கள் சும்மா இருக்கும்போது இழுப்பது 0.1 வாட் அளவுதான். வருடம் முழுக்கச் செருகியே கிடந்தாலும் ஒரு யூனிட் ஆகாது. வெந்நீர் ஷவரில் கூடுதலாக ஏழு நிமிடம் நின்றாலே அந்த ஒரு யூனிட் போய்விடும். அதனால் ஆளாளுக்குச் சொல்லும் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டில் எது கசிகிறது, எது அழுகுகிறது, எதைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் செலவழிக்கிறோம் என்று மட்டும் முதலில் பார்.

வீடு மாற்றுகிறாய் என்பதால் ஏ.சி.யிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குள் ஓடும் கேஸ் ஒரு கிலோவுக்கு முன்பின் இருக்கும். ஆர்-410ஏ வகை என்றால், வெளியே போகிற ஒவ்வொரு கிலோவும் கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 2,000 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஏறக்குறைய 900 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம் அது. ஆர்-32 என்றால் சுமார் 700 மடங்கு; குறைவுதான், ஆனாலும் சின்ன அளவில்லை. பழைய ஆர்-22 ஓசோன் படலத்தையும் சேர்த்துக் கெடுக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. ஆள் வருவதற்கு முன் அதைப் படித்து வைத்துக்கொள்.

கழற்றும்போது அந்த கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே இழுத்து அடைக்க வேண்டும். பம்ப் டவுன் என்பார்கள். ஏ.சி.யைக் கூலிங்கில் ஓடவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, முதலில் மெல்லிய குழாயின் வால்வை மூடுவார்கள். கம்ப்ரஸர் மிச்ச கேஸையெல்லாம் உள்ளே இழுக்கும். கேஜ் முள் பூஜ்யத்தை நெருங்கும்போது தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே மெஷினை நிறுத்த வேண்டும். மொத்தமும் சில நிமிட வேலை. அவசரத்தில் சிலர் இதையெல்லாம் விட்டுவிட்டு நட்டைக் கழற்றி 'புஸ்' என்று வெளியே விட்டுவிடுவார்கள். நீ இதில் கை வைக்காதே. வால்வு சரியாக மூடாமல் காற்றை இழுத்தால் கம்ப்ரஸர் வெடிக்கக்கூட வாய்ப்புண்டு. பக்கத்தில் நின்று "பம்ப் டவுன் பண்ணிட்டுத்தானே கழற்றுறீங்க?" என்று கேட்டால் போதும். கேட்கிற வீட்டில் வேலை ஒழுங்காக நடக்கும்.

புது வீட்டில் மாட்டும்போது கேட்க வேண்டியது வேக்யூம் பம்ப். குழாய்களை இணைத்த பிறகு 15 முதல் 30 நிமிடம் பம்ப் ஓடி, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். பம்பை நிறுத்தியபின் கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும். பம்ப் கொண்டுவராதவர்கள் யூனிட்டில் இருக்கும் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளுவார்கள். அதில் கேஸும் வீண். குழாயில் தங்கிய ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரஸரையும் அரிக்கும்.

இன்னொன்று. "வருஷா வருஷம் கேஸ் ஏத்தணும்" என்று யாராவது சொன்னால் நம்பாதே. அது மூடிய சுற்று. கேஸ் தேய்ந்து தீராது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் குழாய் சேரும் நட்டுகளில்தான் கசியும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும். உள்ளே பனி கட்டுவதும் ஓர் அறிகுறி. ஆனால் அழுக்கடைந்த ஃபில்டராலும் பனி கட்டும் என்பதால் முதலில் அதைக் கழுவிப் பார். கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றினால், ஏற்றியது முழுவதும் வானத்துக்குத்தான். மற்றபடி, ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி நிழலில் உலர்த்து. 25 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிடு. ஏ.சி.யைப் பற்றி அவ்வளவுதான்.

அடுத்தது தண்ணீர். சொட்டும் குழாயை எல்லோரும் பார்த்துவிடுவார்கள், அது சத்தம் போடும். ஃப்ளஷ் டேங்கில் கசிவது கோப்பைக்குள் படலமாக வழிவதால் கண்ணிலும் படாது, காதிலும் விழாது. நிமிடத்துக்கு 100 மில்லி கசிந்தால் ஒரு நாளைக்கு 144 லிட்டர். சோதிப்பது சுலபம். டேங்க் மூடியைத் திறந்து சமையலுக்குப் போடும் கலர் கொஞ்சம் கலந்துவிட்டு, அரைமணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் விடு. கோப்பைத் தண்ணீரில் நிறம் தெரிந்தால் கசிவு உறுதி.

அது எங்கிருந்து என்று பிறகு பார். டேங்குக்குள் நிற்கும் வழிகுழாயின் (மிஞ்சிய தண்ணீர் வடியும் குழாய்) விளிம்பைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தால் மிதவை உயரமாக இருக்கிறது. விளிம்புக்கு இரண்டரை சென்டிமீட்டர் கீழே தண்ணீர் நிற்கும்படி இறக்கி வை. மட்டம் சரியாக இருந்தும் நிறம் இறங்கினால், அடியில் இருக்கும் ரப்பர் சரியாக உட்காரவில்லை. உப்புப் படிந்திருந்தால் ரப்பரையும் அது உட்காரும் வளையத்தையும் வினிகர் தொட்ட துணியால் துடைத்தாலே சில சமயம் சரியாகிவிடும். ரப்பர் விறைத்துப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். சங்கிலி வைத்த டேங்க் என்றால் சங்கிலி இழுத்துப் பிடித்திருக்கிறதா என்றும் பார். கொஞ்சம் தொய்வு வேண்டும். டேங்குக்குள் போடும் குளோரின் மாத்திரைகளை வாங்காதே, அவைதான் அந்த ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கின்றன.

வீட்டில் தண்ணீர் மீட்டர் இருந்தால், எல்லாக் குழாயையும் மூடிவிட்டு எண்ணைக் குறித்துக்கொள். ஒரு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது. எண் நகர்ந்திருந்தால் சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ தேட வேண்டும்.

வெந்நீரின் கணக்கைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தே போகின்றன. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்-மணி; ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் தண்ணீரை 25-லிருந்து 40 டிகிரிக்கு ஏற்றி 15 நிமிடம் குளித்தால் இரண்டு யூனிட்டுக்கு மேல். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று அதே இரண்டு யூனிட்டில் ஒன்பது நாள் இரவு பகலாக எரியும். விளக்கை அணைப்பதைவிட ஷவர் நேரத்தைக் குறைப்பதில் பலன் அதிகம் என்று நான் சொல்வது இதனால்தான். ஹீட்டரை நாள் முழுக்க ஆனில் விடாமல், தேவைப்படும்போது மட்டும் போடு. தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்குக் கீழே இறக்காதே. தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான தண்ணீரில், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

அடுப்பிலும் இதே நியாயம்தான். தண்ணீர் கொதி நிலைக்கு வந்தபிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் சூடு ஏறாது, ஆவிதான் அதிகமாகப் போகும். மூடி போட்டுத் தீயைக் குறை.

இப்போது அழுகுவதற்கு வருகிறேன். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் உலகம் முழுக்க வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து. குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகும் உணவு மீத்தேனாக மாறுகிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் அது கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இருபது வருடக் கணக்கில் சுமார் 80 மடங்கு. அந்த உணவுக் கழிவைக் காற்றுப் படும்படி மக்கவைத்தால் மீத்தேன் மிகக் குறைவு. ஆனால் ஒன்றை மறக்காதே: உரமாக்கினாலும் அந்த உணவை விளைவிக்கப் போன தண்ணீரும் உரமும் டீசலும் திரும்பி வராது. அதனால் முதல் வேலை வீணாக்காமல் இருப்பது. சீக்கிரம் தீர்க்க வேண்டியதையெல்லாம் ஃப்ரிட்ஜில் கண்மட்டத்துத் தட்டில் முன்பக்கமாக வை; பின்னால் போனது மறந்துபோகும். ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் இருக்க வேண்டும். டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத் தட்டில் ஓர் இரவு வைத்தால் உண்மை தெரியும். கதவின் ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியே போகிறது.

தோலும் கழிவும் மிஞ்சத்தான் செய்யும். அவற்றுக்கு 20 லிட்டர் பக்கெட் இரண்டு, மூடியோடு எடுத்துக்கொள். பக்கவாட்டில் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக 8 மில்லிமீட்டர் துளைகள், அடியில் நாலைந்து துளைகள் போட்டு, கீழே ஒரு தட்டு வை. அடியில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குக் காய்ந்த சருகு பரப்பு. காய்கறி, பழத் தோல்களை இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டாக்கிப் போடு. தோல் ஒரு கிண்ணம் என்றால் அதன்மேல் சருகோ கிழித்த அட்டைப்பெட்டியோ இரண்டு கிண்ணம். எல்லோரும் சறுக்குவது இந்த இரண்டாவது கிண்ணத்தில்தான். சருகு தீர்ந்துபோனதும் வெறும் தோலையே போட்டுக்கொண்டே போவார்கள். அதனால் பக்கெட்டை வாங்குவதற்கு முன் ஒரு சாக்கு சருகைச் சேர்த்து வைத்துக்கொள். தொடக்கத்தில் ஒரு கை பழைய மக்கிய உரத்தைத் தூவினால் நுண்ணுயிர்கள் சீக்கிரம் வேலையைத் தொடங்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறிவிடு.

ஈரத்தைக் கையால்தான் பார்க்க வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழி. ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு சேர். சொட்டே வராமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளி. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை: கிளறி, சருகு கலந்து, துளைகள் அடைத்திருக்கிறதா பார். மூக்கில் ஏறும் அமோனியா நெடி வந்தால் நைட்ரஜன் மிஞ்சிவிட்டது. அதற்கும் மருந்து சருகுதான். சின்ன ஈக்கள் மொய்த்தால் தோல் வெளியே தெரிகிறது என்று அர்த்தம், மேலே மூடு. வெள்ளைப் பூஞ்சையைக் கண்டு பயப்படாதே, அது நம் பக்கம். புழுக்களும் மக்கவைக்கத்தான் வந்திருக்கின்றன, ஆனால் ஈரம் அதிகம் என்று சொல்கின்றன. இறைச்சி, பால் பொருட்கள், எண்ணெய், பளபளப்பான அச்சுத்தாள், நாய் பூனைக் கழிவு எதையும் இதில் சேர்க்காதே.

ஒன்று நிரம்பியதும் இரண்டாவதைத் தொடங்கி, முதலாவதை இரண்டு மாதம் விடு, கிளறுவது மட்டும் தொடரட்டும். மண் வாசனை வந்ததும் அவசரப்படாமல், கொஞ்சம் ஈரமாக ஒரு பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வைத்துத் திற. புளித்த வாடை அடித்தால் இன்னும் மக்கவில்லை. மக்காததைச் செடிக்குப் போட்டால் அது மண்ணின் நைட்ரஜனையே இழுத்துக்கொள்ளும், இலை வெளுக்கும். தயாரானபின் ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண்.

பை, பாட்டிலைப் பற்றி நீண்ட உபதேசம் வேண்டாம். இருக்கிற பையையே கிழியும்வரை பயன்படுத்து. புதிது புதிதாகத் துணிப்பை சேர்ப்பதும் வீண்தான், பருத்தி நிறையத் தண்ணீர் குடிக்கும். மறுசுழற்சிக்குப் போகிறதைக் கழுவிக் காயவைத்துக் கொடு; பிசுக்கேறிய ஒரு டப்பா, கூட இருக்கும் காகிதத்தையெல்லாம் கெடுத்துவிடும். பிளாஸ்டிக் பொருளில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண் அது என்ன வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது, மறுசுழற்சி ஆகும் என்று உறுதி சொல்வதில்லை. 1, 2, 5 பெரும்பாலும் போகும். 3-உம் 6-உம் பெரும்பாலும் போகாது. பில் அச்சிடும் வழவழப்பான தெர்மல் தாளைக் காகிதத்தோடு சேர்க்காதே.

கடைசியாக, வீடு காலி செய்யும்போது இழுப்பறைகளிலிருந்து பழைய பேட்டரிகள் வரும். குப்பைத்தொட்டியில் போட்டுவிடாதே. லித்தியம் பேட்டரி லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும், மொத்தக் குப்பையும் எரியும். முனைகளில் டேப் ஒட்டி, உலோகம் இல்லாத டப்பாவில் போட்டு, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடு. உப்பிப்போன பேட்டரி இருந்தால் அழுத்தாதே, குத்தாதே, சார்ஜ் போடாதே; எரியாத தரையில் தனியாக வைத்து முதலில் அதைக் கொண்டுபோய்க் கொடு. பழைய சி.எஃப்.எல். பல்புகளில் பாதரசம் இருக்கிறது, அவற்றையும் உடையாமல் அட்டையில் சுற்றி அங்கேயே கொடு. ஒருவேளை உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் அறையை விட்டு வெளியே போ. வேக்யூம் கிளீனர் போடாதே, தூளைக் காற்றில் கிளப்பிவிடும். கெட்டி அட்டையால் அள்ளி, மிச்சத்தை டேப்பால் ஒற்றி எடுத்து மூடியுள்ள பாட்டிலில் போடு.

ஏ.சி. கழற்றுகிற நாள் முடிவானதும் சொல்லும்மா. அந்த ஸ்டிக்கரை ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு, எந்த கேஸ் என்று நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா